‘ஒரு மாதிரி இருக்கு மிஸ்’: குழந்தைகள் மனநல வேலைக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மதுரைப் பக்கம் இரண்டு பள்ளிகள், இரண்டு நாள் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. கல்லூரிகளில் பேசக் கூப்பிடுவார்கள். மேடையில் கேட்கும் கேள்விகள் ஒரு ரகம். மைக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கும்போது ஓரமாக வந்து கேட்பவை வேறு ரகம். இங்கே இருப்பவை பெரும்பாலும் இரண்டாவது ரகம்தான். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நாள் முழுக்க என்ன செய்வீர்கள்? குழந்தைகளோடு பேசிக்கொண்டே இருப்பீர்களா?

பேசுவது கொஞ்சம். கேட்பது அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஏனென்றால் எந்தக் குழந்தையும் வந்து உட்கார்ந்து ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. (ரீல்ஸ் பார்க்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ‘டிப்ரஷன்’ என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, சிரித்து ஒதுக்கவும் கூடாது.) ‘வயிறு வலிக்குது மிஸ்’, ‘தலை கிறுகிறுங்குது’, ‘ஸ்கூல் பிடிக்கல’, எல்லாவற்றையும் விட அதிகமாக ‘ஒரு மாதிரி இருக்கு’. அந்த ‘ஒரு மாதிரி’க்குள் இருப்பது பயமா, வெட்கமா, கோபமா, பசியா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் என் வேலையின் பாதி போகிறது.

பசியும்தான். 2022இல் இதே மதுரையில் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு கிடையாது. பத்தரை மணிக்குக் கை நடுங்கி வியர்க்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து ‘பதற்றக் கோளாறு’ என்று எழுதும் முன் ‘காலையில என்ன சாப்பிட்டே?’ என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு, திங்கட்கிழமை தவறாமல் வயிற்று வலி. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பாட்டி கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். எதற்கும் மசியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆனால் சரியாகிவிடும். எல்லாரும் பள்ளிக்குப் போகப் பயம் என்றே நினைத்தோம், நானும்தான். வீட்டின் வாரத்தை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரையச் சொன்னேன். அப்பா லாரி ஓட்டுபவர். சனிக்கிழமை வருவார், திங்கள் விடியும் முன் கிளம்பிவிடுவார். ஞாயிறு ராத்திரி சண்டை நடக்கும். சண்டையில் அம்மா ஒருமுறை ‘நான் எங்க அம்மா வீட்டுக்கே போயிடுறேன்’ என்று சொல்லியிருக்கிறார். சாயந்திரம் திரும்பி வரும்போது அம்மா வீட்டில் இருப்பாரா என்பதுதான் பிள்ளையின் கேள்வி. வீட்டைக் காவல் காக்க ஒரு காரணம் வேண்டும், அதற்கு அவளுக்குக் கிடைத்தது வயிறு.

நான் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அம்மா பள்ளி அலுவலகத்துக்கு ஒரு நிமிடம் போன் செய்வது என்று ஏற்பாடு. அலுவலக கிளார்க்கிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். ஆறு வாரம் நடந்தது. ஏழாவது வாரம், ‘இனிமே வேணாம் மிஸ், எல்லாரும் பாக்குறாங்க’ என்றாள். அப்பா அம்மாவின் சண்டை நின்றதா என்றால் இல்லை. அதற்கு வேறு ஆட்களிடம், வேறு இடத்தில் பேச வேண்டியிருந்தது.

கவனித்தால், இதில் குழந்தையோடு செலவானது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. மீதியெல்லாம் அம்மா, பாட்டி, வகுப்பு டீச்சர், கிளார்க்.

எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். அது போதுமா?

போதாது. அவர்களுடைய பெரியவர்களையும் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். காலையில் பிள்ளையை பெல்ட்டால் அடித்த அப்பா மதியம் எதிரில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ‘உட்காருங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?’ என்று மனதாரக் கேட்க முடிந்தால் வாருங்கள்.

என்ன படிக்க வேண்டும்? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

குழப்பம் நியாயமானதே. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. குழந்தைகள் மனநலத்துக்கென்றே அதற்கும் மேல் டி.எம். படிப்பு பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள உளவியல் பட்டம் மட்டும் போதாது. மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய அங்கீகரிக்கப்பட்ட படிப்பு வேண்டும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். இத்தனை காலம் அந்தப் படிப்பு இரண்டு ஆண்டு எம்.ஃபில். ஆக இருந்தது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தும் முடிவுக்கு வந்துவிட்டதால் இப்போது விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே யார் எந்த விளம்பரம் கொடுத்தாலும், நீங்கள் சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு வருடம் படித்த பிறகு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளி ஆலோசகராக வர, ஆலோசனை உளவியலில் எம்.எஸ்ஸி. அல்லது சமூகப் பணியில் முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. என்பது வழக்கமான பாதை. நான் எம்.எஸ்.டபிள்யூ. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோ ஒன்று உண்டு. இவை தவிர சிறப்புக் கல்வியாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று ஒரு கூட்டமே இந்தத் துறையில் இருக்கிறது. வளர்ச்சியில் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் ஒரு நாள் காலை போய் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டிசம் உள்ள மூன்று வயதுக் குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஒருவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, ‘நான் ஆலோசகர் ஆக வேண்டாம், இதைத்தான் படிக்கப் போகிறேன்’ என்று திரும்பியவர்கள் உண்டு.

ஆறே வாரத்தில் ‘குழந்தை உளவியல் நிபுணர்’ சான்றிதழ் தரும் ஆன்லைன் வகுப்புகள்? தெரிந்துகொள்ளப் படியுங்கள். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நானே சின்ன வயதில் நிறையக் கஷ்டப்பட்டவள். அதனால்தான் இந்த வேலைக்கு வர ஆசை. சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இந்தத் துறையில் இருப்பவர்களில் நிறையப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் வந்தோம், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம். உங்கள் கதையும் அந்தப் பிள்ளையின் கதையும் ஒன்றுபோலத் தெரியும் நாள் வரும். அன்றைக்குத்தான் அதிகமாகத் தவறு செய்வீர்கள். எனக்கு அப்பா இல்லை. அப்பா இல்லாத பிள்ளைகளிடம் ஆரம்பத்தில் நான் தேவைக்கு மேல் உருகினேன். அவர்கள் சொல்லாததையும் சொன்னதாகக் கேட்டேன். முதலில் உங்கள் காயத்துக்கு நீங்கள் ஓர் ஆலோசகரிடம் போய் உட்காருங்கள். நாற்காலியின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

சம்பளம்?

குறைவு. 2011இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்கு எட்டாயிரம் ரூபாய், பஸ் செலவு தனி. ஒப்பந்த வேலைகள் அதிகம், சம்பளம் மூன்று மாதம் தள்ளி வருவதும் உண்டு. பெருநகரத் தனியார் பள்ளிகளிலும் சொந்தமாக நடத்தும் மையங்களிலும் நிலைமை மேல்.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. ‘இது சேவைங்க, இதுல காசு பாக்கக் கூடாது’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். மனநிறைவு வாடகை கட்டாது. வேலையில் அர்த்தம் இருக்கிறது என்பதற்காகக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் மூன்று ஆண்டில் வெளியேறிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு நஷ்டம் அதுதான். மூன்றாவது ‘புது மிஸ்’ஸிடம் எந்தப் பிள்ளையும் முதலிலிருந்து சொல்லாது.

பள்ளியில் ஆலோசகருக்கு மதிப்பு இருக்கிறதா?

பள்ளியைப் பொறுத்தது. என்னை முதலில் எடுத்த பள்ளி ஒன்றில் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் மேசை போட்டார்கள். கூடைப்பந்துகளுக்கு நடுவில் அழுவது சிரமம். அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த அறைக்கு வருகிற பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். ஆசிரியர் வராத வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள், தேர்வு அறைக் கண்காணிப்புக்குப் போட்டார்கள். ‘அந்தப் பையன் என்ன சொன்னான்?’ என்று தலைமையாசிரியர் கேட்டபோது சொல்ல மறுத்தேன். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

இப்போது காற்று கொஞ்சம் மாறுகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் அல்லது உளவியலாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. காகிதத்தில் இருப்பது வகுப்பறைக்கு வர எத்தனை நாளாகும் என்று பார்க்க வேண்டும். தேவை என்னவோ இருக்கிறது. 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர்.

‘எங்க புள்ளைக்கென்ன பைத்தியமா?’ என்று பெற்றோர் கேட்டால்?

கேட்பார்கள். ‘இல்லைங்கம்மா’ என்று அவசரமாக மறுத்தால் பயம் போகாது. நான் ‘யாராவது அப்படிச் சொன்னாங்களா?’ என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் யாரோ சொல்லியிருப்பார்கள், மாமியாரோ பக்கத்து வீடோ. அந்த வலியைக் கேட்ட பிறகுதான் பிள்ளையைப் பற்றிப் பேச வழி பிறக்கும்.

கோடாங்கி, தாயத்து, தர்கா, ஜெபம் எதையும் நான் கேலி செய்வதில்லை. அடிப்பது, சூடு வைப்பது, கட்டிப்போடுவது இருந்தால் மட்டும் அங்கேயே நிறுத்தச் சொல்வேன். மற்றபடி ‘அங்கேயும் போங்க, வியாழக்கிழமை இங்கேயும் வாங்க’.

பெற்றோரை ஒரே நாளில் நம் பக்கம் கொண்டுவருவது கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ். ‘சோம்பேறி, படிக்க மாட்டேங்கிறான்’ என்று எட்டு வருடம் அடி வாங்கிய பையனுக்கு, எழுத்துகள் பிடிபடாதது அவன் தவறில்லை என்று பரிசோதனையில் தெரியவரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் ஒரு குறைபாடாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அறிக்கையைப் படித்துக் காட்டியபோது ஓர் அப்பா, ‘அப்ப நான் அடிச்சதெல்லாம்?’ என்று மட்டும் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

குழந்தை சொல்வதையெல்லாம் ரகசியமாக வைத்திருப்பீர்களா?

இல்லை. முதல் நாளே பிள்ளையிடம் அதைச் சொல்லிவிடுவேன்: ‘நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.’

பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆலோசகருக்கு விலக்கு கிடையாது, மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ‘பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போயிரும் மேடம்’, ‘பொண்ணு வாழ்க்கை என்னாகும்’ என்று இரண்டு பக்கமும் அழுத்தம் வரும். இதற்கு மனதளவில் தயாராகாமல் வராதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, இந்த மூன்றிலும் இருப்பவர்களை வழக்கு வருவதற்கு முன்பே முகம் பார்த்துப் பழகிவையுங்கள். முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை அது.

சாக நினைக்கும் பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறீர்களா? பயமாக இருக்காதா?

சந்தித்திருக்கிறேன். பயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நேராக, அமைதியாகக் கேட்பது பெரும்பாலும் பிள்ளைக்கு ஆறுதல், ஒருவழியாக ஒருத்தர் கேட்டுவிட்டாரே என்று. அதன் பிறகு தனியாகச் சுமக்கக் கூடாது. வீட்டுக்குச் சொல்லி, மனநல மருத்துவரிடம் சேர்த்து, அன்றைக்கு ராத்திரி யார் கூட இருப்பார்கள் என்பது வரை முடிவு செய்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்.

தமிழ்நாட்டில் இது தேர்வோடு பின்னிக் கிடக்கிறது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனாலும் மே மாதத் தேர்வு முடிவும், நீட் முடிவும் வரும் வாரங்களில் இன்றும் நான் ஊருக்குப் போவதில்லை. தமிழக அரசின் 104 உதவி எண்ணிலும், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416லும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இதைப் படிக்கிற உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்தாலும் அந்த எண்கள் உங்களுக்கும்தான்.

இந்த வேலையில் அர்த்தம் இருக்கிறது என்று உங்களுக்கு எப்போது தோன்றியது?

சேர்ந்து நாலைந்து ஆண்டுகள் தோன்றவில்லை. ‘குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன்’ என்ற நினைப்பில் வந்தவள் நான், அது முதல் ஆண்டிலேயே உடைந்துவிட்டது. அப்புறம் வேறு வேலை இல்லாததால் தொடர்ந்தேன் என்பதுதான் உண்மை.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா இறந்து நாலு மாதம். வகுப்பில் பேசுவதில்லை, இன்னொரு பையனின் மண்டையை உடைத்துவிட்டான் என்று அனுப்பினார்கள். என்னிடமும் பேசவில்லை. என் அறையில் ஒரு பழைய பல்லாங்குழி இருக்கிறது, அம்மாச்சியுடையது. அதை எடுத்து வைத்தேன், புளியங்கொட்டையை எண்ணிப் போட்டு ஆட ஆரம்பித்தான். மூன்று வாரம் அதுதான் நடந்தது. ஒவ்வொரு முறையும் அவன் பக்கத்துக் கடைசிக் குழியைத் தாண்டி அடுத்ததில் போடுவான். ஆட்டம் சரியாகத் தெரியாது போல என்று நினைத்தேன். சொல்லிக்கொடுக்க வாயும் எடுத்தேன். ஏனோ அன்றைக்குச் சொல்லவில்லை. நாலாவது வாரம் என் முறை வந்தபோது நானும் அந்தக் குழியைத் தாண்டிப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தான். ‘அது பூட்டுன வீடு மிஸ்’ என்றான். அப்பா போன பிறகு வாடகை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ‘உள்ள எங்க சாமான் கொஞ்சம் இருக்கு’ என்றான். மணி அடித்தது, போய்விட்டான்.

அதற்கடுத்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். பாட்டியைக் கூப்பிட்டுப் பேசி, வீட்டுக்காரரிடம் கேட்டு, அந்தச் சாமானில் ஒரு டிபன் கேரியரை எடுத்துவர முடிந்தது. அவன் சண்டை போடுவது குறைந்தது, நிற்கவில்லை. அடுத்த ஆண்டு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வெற்றிக் கதை என்று இதை எந்த ஆண்டறிக்கையிலும் போட முடியாது. ஆனால் ஆட்டத்தின் விதியை முதல் நாளே திருத்தியிருந்தால் அந்தக் குழி எனக்கும் ஒரு தப்பாட்டமாகவே போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு இருக்க நான்கு ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டிருக்கிறது என்று அன்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் இது என் வேலை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தும் இதெல்லாம் மண்டையில் ஓடாதா?

ஓடும். மாதம் ஒருமுறை என்னைவிட அனுபவமுள்ள ஒருவரிடம் என் வழக்குகளைக் கொண்டுபோய் வைக்கிறேன். சொந்தக் காசில்தான். வேலைக்கு எடுப்பவர்கள் இதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். அப்புறம், செடிக்குத் தண்ணீர் விடுவது. யோகா எனக்கு ஒத்துவரவில்லை.

எனக்கு 38 வயது. ஐடி வேலையை விட்டுவிட்டு வரலாமா?

விடாதீர்கள், முதலில் ஒரு வருடம் ஓரமாக நின்று பாருங்கள். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு நடப்பது. அது குழந்தைகளுக்கு மட்டுமானது அல்ல. ஆனாலும் இடைமறிக்காமல், அறிவுரை சொல்லாமல் ஒரு மணி நேரம் கேட்க உங்களால் முடியுமா என்பது அப்படிப்பட்ட இடத்தில் தெரிந்துவிடும். நிம்ஹான்ஸில் இயங்கும் ‘சம்வாத்’ குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு இணைய வழியில் பயிற்சிகள் நடத்துகிறது. வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியில் சனிக்கிழமை கதை சொல்லப் போங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் படிப்பில் சேருங்கள். நாற்பது வயதில் வருகிறவர்களைப் பெற்றோர் எளிதில் நம்புகிறார்கள், அது ஒரு வசதி.

வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்களா? நன்றி சொல்வார்களா?

அபூர்வம். வெளியில் பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ‘இவங்க யாருடா?’ என்று கூட இருப்பவர் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

போன வருடம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையனை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருடம் என் அறையில் உட்கார்ந்தவன். அவனுக்கும் என்னைத் தெரிந்தது, பக்கத்தில் முதலாளி நின்றார். என் போனை வாங்கி, பழைய கண்ணாடியை உரித்து, துடைத்து, குமிழ் வராமல் புதுக் கண்ணாடியை மெதுவாக ஒட்டினான். ‘நூத்தம்பது ரூவாக்கா’ என்றான். கொடுத்துவிட்டு வந்தேன்.